பதினேழு உருப்படிகள் கொண்ட பட்டியல்

18-1-2015, ஞாயிறு

விழுப்புரத்தில் பொங்கல் விழாக் கூட்டம். "மூன்றே மூன்று செய்திகளைச் சொல்லி அமர்கிறேன்" என்று தொடங்கினேன். கையொலி அடங்கக் கால் நாழிகை ஆயிற்று. திண்டிவனம் திரும்பும் பேருந்தில் மனைவி கிளாரா வாய் திறந்தாள்.

"ஒம்பது."

"எது ஒன்பது?"

"மூணுன்னு சொன்னீங்களே, அதான். எண்ணிக்கினே இருந்தேன். மூணாவது முடிஞ்சதும் பக்கத்துல இருந்தம்மா செருப்பை மாட்டுச்சு, சத்தம் கேட்டுது. அஞ்சாவதுல திரும்பக் கழட்டிப் போட்டுடுச்சு. எங்க ஃபாதர்கூட பத்துக் கட்டளைன்னா பத்தோட நிறுத்துறாருங்க."

அவளுக்குப் பார்வை போய் ஈராண்டு. முன்வரிசையில் அமர்ந்து என்னைக் கேட்க மட்டுமே செய்கிறாள். கேட்பவளை ஏமாற்ற முடியாது போலும்.

2-2-2015, திங்கள்

பள்ளியிலிருந்து வந்தவள் நெடுநேரம் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். தாளாளர் அழைத்திருக்கிறார். வரும் ஆண்டு முதல் இவள் நடத்தும் வரலாற்றையும் புவியியல் ஆசிரியையே பார்த்துக்கொள்வாராம். "நீங்க ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்றாராம். இவள் விடவில்லை, கணினியின் துணையோடு வருகைப் பதிவும் பாடமும் தானே நடத்திக் காட்டுவதாகக் கேட்டிருக்கிறாள். ஏப்பிரல் வரை காலம் கொடுத்திருக்கிறார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் சோழரையும் பல்லவரையும் பிள்ளைகளின் நெஞ்சில் நட்டவளுக்கு ஓய்வா? யாரு கேட்டா ஓய்வை? நாளைக்கே பள்ளி வாயிலில் மேடை போடுகிறேன், ஊர் கூடட்டும் என்றேன்.

"நீங்க மேடை போட்டீங்கன்னா ஏப்ரல்கூட இல்ல. அன்னைக்கே அனுப்பிடுவாங்க. ஒரு தடவ, ஒரே தடவ, எனக்காகப் பேசாம இருங்க."

3-2-2015, செவ்வாய்

பேசவில்லை. பேசாதிருப்பது இத்தனை கடும்பணி என்று இதுவரை அறியேன்.

15-2-2015, ஞாயிறு

மகள் வெண்ணிலா சென்னையிலிருந்து வந்து, கணினியில் திரை வாசிப்பான் என்ற ஒன்றை நிறுவித் தந்தாள். திரையிலுள்ள எழுத்தையெல்லாம் அது குரலாக்கும். குரலா அது? தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல் இருக்கிறது. ழகரமும் வாய்க்கவில்லை. தமிழ் எழுத்தைச் சிதைக்கும் பொறிக்கு இவ்வீட்டில் இடமா என்று முழங்கினேன்.

"அப்பா, கொஞ்சம் வால்யூமை கம்மி பண்ணுங்க. நான் அதைச் சொல்லல" என்றாள் மகள். தாயும் மகளும் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரை கேட்டிருக்கும்.

8-3-2015, ஞாயிறு

பேசக் கூடாதென்றால் தட்டச்சாவது செய்வோமென்று இரு கிழமையாகப் பாடக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் மூன்று விண்மீன்கள் இட்டேன். கண்ணுக்குக் கல்வெட்டுப்போல் பொலிந்தது.

இன்று அதைக் கேட்கத் தொடங்கினாள். "நட்சத்திரம் நட்சத்திரம் நட்சத்திரம். சோழர் காலக் குடவோலை முறை. நட்சத்திரம் நட்சத்திரம் நட்சத்திரம்." விண்மீன் என்று சொல்லக்கூடத் தெரியாத பொறி.

"ஏங்க, நான் தஞ்சாவூருக்குப் போலாம்னு கெளம்புனா நீங்க வானத்துல சுத்தவுடுறீங்களே!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. பிறகு சிரிப்பு நின்றது. "இப்பிடியே இருந்தா வகுப்புல தடுமாறுவேங்க" என்றாள் மெல்ல.

மாலையே கணினி ஆசிரியர் பூவரசனை வீட்டுக்கு வரவழைத்தேன். பள்ளியின் இணையப் பக்கத்தைப் பேணுபவரும் அவரே.

"ஐயா, ஸ்டார் போட்டா பாக்க லிஸ்ட் மாதிரி இருக்கும், அவ்ளோதான். அதுக்கு அது வெறும் எழுத்து. இதான் லிஸ்ட்டுன்னு நாமதான் சொல்லணும். சொல்லிட்டீங்கன்னா முதல்லயே எத்தனைன்னு சொல்லிடும். டீச்சரும் ஒரு பட்டனைத் தட்டி ஒண்ணொண்ணா தாவிக்கினு போலாம்."

என் விண்மீன்களைப் பிடுங்கி, ஒரு பக்கத்தை முறையான பட்டியலாக்கிக் காட்டினார். குரல் சொன்னது: "ஐந்து உருப்படிகள் கொண்ட பட்டியல்." ஐந்தும் முடிந்ததும், "பட்டியலுக்கு வெளியே."

கிளாரா அதே பக்கத்தை இன்னொரு முறை தட்டிக் கேட்டாள். பிறகு: "உங்களவிட இது நல்ல பேச்சாளருங்க. எத்தனன்னு சொல்லுது, அத்தனையோட நிறுத்துது."

பூவரசன் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தார் என்பது தோளில் தெரிந்தது.

"தம்பி, நம்ம ஸ்கூல் பக்கத்துலயும் டீச்சருங்க பேரையெல்லாம் கோடு கிழிச்சுதான் போட்டிருக்கீங்க. அதையும் லிஸ்ட்டாக்குங்க" என்றாள் அவரிடம்.

"ஆக்கிடறேன் டீச்சர். ஆனா யார் பேரு இருக்கணும்னு முடிவு பண்றது நான் இல்லியே" என்றார்.

29-3-2015, ஞாயிறு

நாற்பத்திரண்டு மாணவியர் பெயரும் பட்டியலாயின. விண்மீன் ஒன்றும் மிச்சமில்லை.

10-4-2015, வெள்ளி

பள்ளிக்கு எதிரே பழச்சாற்றுக் கடையில் இரண்டு மணி நேரம் வாய்பொத்தி அமர்ந்திருந்தேன். உள்ளே கிளாரா பாடம் நடத்திக் காட்டியதைப் புவியியல் ஆசிரியை இருதயசெல்வி வந்து சொன்னார். ஒரு காதில் கணினியின் கேட்பொறியோடு நாற்பத்திரண்டு பெயரையும் தட்டாமல் அழைத்தாளாம். தாளாளர் இடைமறித்து, "குடவோலைக்கு நாலாவது தகுதி என்ன?" என்றாராம். நான்கு தட்டல், விடை வந்துவிட்டது.

"எப்பிடியாவது கிளாரா டீச்சரையே வெச்சுக்கச் சொல்லுங்க சார். என்கிட்ட வரலாறைக் குடுத்தா பானிபட்டைக் கொண்டுபோய்ப் பசிபிக்குல போட்டுடுவேன்."

தாளாளர் சொன்னது ஒரே சொல்: "பாக்கலாம்." முடிவு பள்ளியின் இணையப் பக்கத்தில் வருமாம்.

28-5-2015, வியாழன்

வந்துவிட்டது. பூவரசன் தொலைபேசியில், "பக்கத்தைப் பாருங்கய்யா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அவள் கணினி முன் அமர்ந்தாள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அருகில் நின்றேன். பொத்தானைத் தட்டினாள்.

"பதினேழு உருப்படிகள் கொண்ட பட்டியல்."

நான் மேலிருந்து பெயர்களைப் படிக்கலானேன். ஒன்று, இரண்டு, மூன்று... இவள் பெயர் இல்லை. ஆறு, ஏழு... இல்லை. எட்டாவதில் திரும்பிப் பார்க்கிறேன், நாற்காலி வெறுமையாக இருக்கிறது. அடுக்களையில் அரிசி களையும் ஓசை.

"கிளாரா! இன்னும் உன் பேரு வரலியே, எங்க போன?"

"போன வருஷமும் பதினேழு. இந்த வருஷம் யாரும் வரல, யாரும் போகல. நான் இல்லன்னா பதினாறுன்னு சொல்லியிருக்கும். நீங்க மெதுவா படிச்சிட்டு வாங்க, சோறு ஆயிடும்."

பதினான்காவது: அ. கிளாரா, வரலாறு. நான்கு முறை படித்தேன். கண்ணிருந்தும் நான்தான் பின்தங்கினேன்.

7-6-2015, ஞாயிறு

திருவாமாத்தூரில் நூலகத் திறப்பு. "மூன்று செய்திகள்" என்றேன். மூன்றாவது முடிந்தது. நான்காவது தொண்டை வரை வந்தது; விழுங்கி, நன்றி கூறி அமர்ந்தேன். தேநீரை வாயருகே வைத்திருந்த கூட்டத் தலைவர் அப்படியே விழித்தார்.

கீழே இறங்கிச் சென்றேன். முன்வரிசையில் கிளாரா கால்களால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே முடிச்சிட்டீங்களா? இன்னும் ஆறு இருக்கும்னு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டேங்க."

ஒன்று நாற்காலிக்கடியில் கிடந்தது. மற்றொன்று இரண்டு வரிசை தள்ளிப் போயிருந்தது. இரண்டையும் எடுத்து வந்து, குனிந்து மாட்டிவிட்டேன்.