காற்றைப் புடைத்த கை

1984, மாசி, வியாழன் இரவு

ஓரிடத்தில் உட்காராத பிள்ளையை அதட்டாமல், கைக்கு வேலை கொடுத்துப் பாடம் சொல்லித்தரும்படி போடி ஆஸ்பத்திரி நர்சம்மா தந்த கையேட்டில் இருந்தது. நாத்தனாரோ பிள்ளைக்குக் கட்டத் தாயத்தோடு வந்து நின்றாள். நான் ஏலக்காய் முறத்தை மகள் செல்வியிடம் கொடுத்து, புடைக்கப் புடைக்க ஏழாம் வாய்ப்பாடு சொல்லவைத்தேன்.

உட்காராவிட்டால் அனுப்பவேண்டாம் என்றிருந்த டீச்சர், இன்று பள்ளிக்கூடத்தில் என் முன்னாலேயே அவளிடம் வாய்ப்பாடு கேட்டார். எழுந்து நின்று, வெறுங்கையால் காற்றைப் புடைத்தபடி பிழையில்லாமல் ஒப்பித்தாள். வகுப்பே சிரித்தது.

"கை என்னத்தா செய்யுது?"

"காய் பொடைக்குது டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. "எட்டாம் வாய்ப்பாட்டையும் இப்பிடியே பொடைக்கட்டும்க்கா. நாளைக்கு வெரசா அனுப்பிவிடுங்க."

 நாத்தனார் தந்த தாயத்தை முறத்தில் கட்டிவைத்திருக்கிறேன். காலையில் பார்க்கட்டும்.