சுண்ணாம்புத் தண்ணீர்ப் பாடம்

நேற்று ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போன சந்தன நிறச் சேலையில் சாம்பார் சிந்திவிட்டது. இன்று காலை முந்தானையை நனைத்துச் சோப்புப் போட்டேன். மஞ்சள் கறை கண்ணெதிரே செக்கச் சிவந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், இங்கே பாரேன்" என்று சொல்லித் திரும்பியும் விட்டேன். பின்னால் வாளியும் துணிக்கொடியும்தான் இருந்தன. நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. என் வாய்க்கு மட்டும் யாரும் இன்னும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தச் சிவப்பைத்தானே நாம் இருவரும் முதலில் என் சமையலறையில் பார்த்தோம். இந்த மராத்தி ஊரில், கட்கியில், அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டே பேர். நீ உயிரியல், நான் கணக்கு. நான் கல்யாணமாகி வேலூரிலிருந்து இங்கே வந்தவள். நீ இங்கேயே பிறந்தவள், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மகள். ஆனாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலி. "ரயில் ஏறாமலே அந்த ஊர்க்காரியாக இருக்கிறாயே" என்று உன்னைக் கிண்டல் செய்வேன். "ஒனக்கு என்னட்டி வந்துது" என்பாய்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாலியல் நோய்களைப் பற்றிச் சொல்லித் தர வேண்டும் என்று பள்ளிக்கு உத்தரவு வந்தது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அன்று அவசர வேலை வந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் இனப்பெருக்கப் பாடம் வந்தாலே "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். வீட்டில் யார் சொல்வார்கள்? பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே பாடப்புத்தகம், லோக்கல் ரயில் போகும் பாதையில் சுவர் முழுக்க எழுதியிருந்த 'குப்த ரோக்' விளம்பரம்தான். ரகசிய நோய், வைத்தியரைப் பார்க்க லாட்ஜுக்கு வரவும். நீ அதைப் பார்த்து எரிச்சலாவாய். "ரகசியம்னு எழுதி வச்சே பயங்காட்டுதான். இவன்ட்ட மாட்டுறதுக்கு முந்தி நம்ம பிள்ளைங்க காதுல நாலு வார்த்தை விழணும்" என்றாய். தலைமையாசிரியர் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கியது நீதான்.

பயிற்சியில் ஒரு செய்முறை சொல்லித் தந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர். ஒன்றில் மட்டும் ஏதோ ரசாயனம். பிள்ளைகள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் இன்னொரு சொட்டு விட்டால் யார் யாருக்குப் பரவியது என்று நிறம் காட்டிக் கொடுக்கும். நம் பள்ளி ஆய்வகத்தில் அந்த ரசாயனம் இல்லை. ஒரு சனிக்கிழமை என் வீட்டில் யாருக்கோ ஆரத்தி கரைத்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "ஏட்டி, சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளிய விட்டா பச்சத் தண்ணி மாதிரிதானே இருக்கும்?" என்றாய். கல்யாணக் கூடத்து ஆரத்தி பாலியல் நோய்ப் பாடத்துக்குப் போனது அப்படித்தான்.

முதல் வகுப்பு என்ன ஆயிற்று என்று நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. பஜனை மண்டபத்தில் தம்ளர்களை இரவல் வாங்கினாய். எல்லாவற்றிலும் பாயசப் பிசுக்கு. துணி துவைக்கும் சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்தாய், பாதி அலசும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. சும்மா துடைத்துக் கொண்டு வந்துவிட்டாய். வகுப்பில் மஞ்சள் தூளைப் போட்டால், ஒரு தம்ளர் பாக்கியில்லாமல் எல்லாமே சிவப்பு. யாருடனும் தண்ணீரை மாற்றிக்கொள்ளாதே என்று நீ தனியாக உட்கார வைத்த பெண்ணின் தம்ளர்கூடச் சிவந்துவிட்டது. அவள் அழ ஆரம்பித்தாள். பின் வரிசையில் ஒரு மராத்திப் பையன் எழுந்து, "ஸகளேச் கேலே, மிஸ்" என்றான். எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு என்று அர்த்தம். வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது. கணக்கு வகுப்பை விட்டுவிட்டு நான் ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். நீ மேசை மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய்.

அந்தத் தப்பையும் நீ விடவில்லை. "ஒரு தடவை சிவப்பு காட்டிட்டுன்னு ஒடைஞ்சு போகக் கூடாது. திருப்பிச் சோதிக்கணும். டாக்டருங்களும் அப்படித்தான் செய்வாங்க" என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் சொன்னாய். அடுத்த வாரம் நன்றாக அலசிய தம்ளர்களோடு மறுபடி வகுப்பு எடுத்தாய். சிலது சிவந்தன, சிலது மஞ்சளாகவே இருந்தன. தண்ணீர் மாற்ற மாட்டேன் என்று சொன்னவர்களுடையது மஞ்சள். தட்டுப் போட்டு மூடி வைத்தவர்களுடையதும் மஞ்சள். ஆணுறை என்ற வார்த்தையை நீ குரலைத் தாழ்த்தாமல், சுண்ணாம்பு என்பதைச் சொல்வது போலவே சொன்னாய். ஒரே டப்பாவில் சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது, கொசுவால் வராது என்றாய். சில நோய்கள் மருந்தில் முழுக்கக் குணமாகிவிடும், சிலவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம், நோயாளிக்கும் துணைக்கும் சேர்த்து மருந்து தராவிட்டால் திரும்பி வரும் என்றாய். கடைசியில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தம்ளர் முதலில் யாரிடம் இருந்தது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னாய். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்கள். ஒருவராலும் முடியவில்லை. "பாத்தா தெரியாது" என்று தமிழில் முடித்தாய். புரியாத பிள்ளைகள்கூட அதை மட்டும் திருப்பிச் சொல்லிக்கொண்டு வெளியே போனார்கள். யார் அது என்று நீ கடைசி வரை சொல்லவில்லை. வகுப்புக்கு வகுப்பு அதுதான் உன் வழக்கம்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, நம் தமிழ்க்காரர்தான், "கல்யாணமே ஆகாதவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ரத்தம் கொதித்தது. நீ நிதானமாக, "மலேரியாவும் நான்தான் எடுக்கேன் சார். எனக்கு வந்தா எடுக்கேன்?" என்றாய். கூட்டம் சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். உனக்கு அப்போது நாற்பதை ஒட்டி வயது. அந்தக் கேள்வி உன்னை ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகுதான் லோஹேகாவிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. விமானப்படையில் கணக்குப் பிரிவில் இருந்தவர், மனைவியை இழந்தவர், தன்மையான மனிதர். இரண்டு முறை உன் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் முறை அவர் போன பிறகு, காப்பித் தம்ளரைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாய். லக்ஷ்மி ரோட்டில் என்னைக் கடை கடையாக இழுத்துப்போய் அரக்கு நிறத்தில் பட்டு எடுத்தாய். இத்தனை வருஷத்தில் நீ உனக்கென்று ஆசைப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு மாதம்தான்.

அந்த மாதத்தில்தான், மழைக்காலம், நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி உன்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்தாள். தோல், பால்வினை நோய்ப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாயாம். கையில் மருந்துச் சீட்டாம். செய்தி உனக்கு முன்னால் கட்கி வந்து சேர்ந்துவிட்டது. "அதான் அவ்வளவு விவரமாப் பாடம் நடத்தறா" என்றார்கள். நீ எலுமிச்சைச் சாதம் கொண்டு வந்தால் ஓடி வந்து கை நீட்டுகிறவர்கள், "இன்று விரதம்" என்றார்கள். ஆசிரியர்கள்தான், படித்தவர்கள்தான். எல்லாருக்கும் ஒரே நாளில் விரதம் வந்ததுதான் அதிசயம்.

நான் உன்னிடமே கேட்டேன். "ஒரு கொழந்தைகூடப் போயிருந்தேன். உள்ள டாக்டர் பாத்துக்கிட்டிருந்தாங்க. சின்ன நோய்தான், ஊசியில சரியாயிரும். லாட்ஜு வைத்தியன்ட்ட போகாம என்ட்ட வந்துது பாரு, அது போதும். இதுக்கு மேல கேக்காத" என்றாய்.

லோஹேகாவ்காரரின் அக்காவுக்கும் செய்தி போனது. ஒரு விளக்கம் சொன்னால் போதும் என்று அந்த மனிதர் ஆள் அனுப்பினார். அன்று உன் வீட்டில் உன்னோடு எப்படிச் சண்டை போட்டேன். "பேர் சொல்ல வேணாம். ஸ்டூடன்ட் ஒருத்தரக் கூட்டினு போனேன்னு மட்டும் சொல்லேன்டி" என்றேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைன்னு சொன்னா, அன்னைக்கு எவ லீவு, எவன் லீவுன்னு தேடுவாங்க. ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிருவாங்க" என்றாய்.

"அப்போ நீயே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக் காட்டிடு. வாயடைச்சிப் போவாங்க."

"எனக்கு இல்லன்னு காயிதம் காட்டினா, இருக்கிறவங்க கேவலம்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமேட்டி. பொறவு எந்த வாயால அந்த வகுப்புக்குப் போவேன்?" என்றாய். எனக்குத் தெரியும், அவருக்கு நீ அந்தக் காகிதத்தைக் காட்டிவிட எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று. காட்டவில்லை. அவரும் பிறகு வரவில்லை. அரக்குப் பட்டைப் பிரித்துக்கூடக் கட்டாமல், என் மகள் கல்யாணத்துக்கு அவளிடமே கொடுத்துவிட்டாய்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் அந்தச் செய்தியைப் பரப்பிய பெண்களைப் பிடித்து நான் உலுக்கு உலுக்கென்று உலுக்கினேன். நீதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அப்புறம் பொங்கலுக்கும் போகவில்லை. ஆனால் வகுப்பை மட்டும் விடவில்லை. சில வருஷம் கழித்து, இந்தப் பாடமே வேண்டாம் என்று மேலிருந்து நிறுத்திய பிறகும், சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகளுக்கு உன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்தத் தெருவில் உன் வீட்டுக்கு வந்தவர்கள் பிள்ளைகளும் நானும்தான். என் கணவர் போன பிறகு நான் பெரும்பாலும் அங்கேதான் கிடந்தேன். நீ விடைத்தாள் திருத்துவாய், நான் டிவி பார்ப்பேன். இரண்டு பேரும் பேசாமலே ஒரு சாயங்காலத்தை ஓட்டிவிடுவோம். இப்போது நாள் பூராவும் பேசாமல்தான் இருக்கிறேன், ஆனால் அது வேறு மாதிரி இருக்கிறது. கராடியில் இருக்கும் மகள், தன் வீட்டுக்கு வந்துவிடு என்கிறாள். பன்னிரண்டாவது மாடியில் போய் உட்கார்ந்து யாரிடம் உன்னைப் பற்றிப் பேசுவது?

உன் மாரடைப்புச் செய்தி கேட்டு மயானத்துக்கு வந்தவர்கள் ஒரு ஜீப்பில் அடங்கிவிட்டார்கள். பழைய பிள்ளைகள் சிலர் வந்தார்கள். துக்கத்திலும் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. இவனா, இவளா? யாருக்காக நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாய்? ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து கடைத்தெருவில், பஸ்ஸில், பழைய மாணவர் யார் வணக்கம் சொன்னாலும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கண்டுபிடித்தால் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. "உனக்காக அவள் என்ன விட்டுக்கொடுத்தாள் தெரியுமா?" என்று கேட்க வேண்டும் என்று இருந்தது.

நேற்றைய கல்யாணம் நம் பழைய மாணவி ஒருத்தியின் தம்பிக்கு. வாசலில் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். இடுப்பில் குழந்தை, காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டார்கள். "மிஸ், ஆரத்தி பாத்தா எனக்கு அவங்க கிளாஸ்தான் யாத் வருது" என்றாள் ஒருத்தி, ஞாபகத்தை இந்தியில் சொல்லி. "என் தம்ளர் சிவப்பு, அழுதுட்டேன்." "என்னோடது மஞ்சள்." தம்ளரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஒருவன் மெதுவாக, "நானும் வைஃபும் கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணோம் மிஸ். அவங்க சொன்னாங்கன்னுதான்" என்றான். பிறகு ஒருத்தி கேட்டாள், "நம்ம பயாலஜி மிஸ் எப்படி இருக்காங்க?" அவர்கள் யாருக்கும் தெரியாது. சொன்னேன்.

எல்லாருடைய சிரிப்பும் நின்றது. நான் பழக்கதோஷத்தில் தலையை நிமிர்த்தினேன், வரிசையாகப் பார்க்க. ஒருத்தி குழந்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஒருவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இன்னொருத்தி தரையைப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் கலங்கியிருந்தன. அப்போதுதான் உன் குரல் காதில் விழுந்தது. பாத்தா தெரியாது.

நீ அரக்குப் பட்டையும் அந்த மனிதரையும் பொங்கலையும் விட்டது, யாரும் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்குத்தானே. அப்படிக் கண்டுபிடிக்கிற ஆளாக நானே ஆகப் போனேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். "வாங்க, பந்தி ஆரம்பிச்சிட்டாங்க" என்று எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய், அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் இலையையே பார்த்துச் சாப்பிட்டேன். இலையும் சரியாகத் தெரியவில்லை. சாம்பார் சிந்தியது அப்போதுதான்.