கத்தியை உருவிடாதீங்க

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

மேசையில ஈரத் தோலுக்குள்ள இருக்கறது உங்க மடக்குக் கத்திதான். உருவிடாதீங்க! அப்படியே காய்ஞ்சாத்தான் உறை கத்தியோட வடிவத்துக்கு வரும். "உனக்கெதுக்கு வேண்டாத வேலை"ன்னு நேத்து சிரிச்சீங்களே, அந்தக் கத்தி கிழிக்கிற பாக்கெட்டையெல்லாம் தைக்கறது யாரு?

முதல் உறையில கத்தியோட தடிமனைக் கணக்குல எடுக்கல, உள்ளயே போகல. ரெண்டாவதுல வாயையும் சேர்த்துத் தைச்சுட்டேன். விடுவேனா? மூணாவது கச்சிதம்.

கோபம் இன்னும் போகல. விரல்ல ஊசி ஏறினப்போ கட்டு போட்டு விட்டீங்க, அதையும் மறக்கல.

பி.கு.: பெல்ட்டுல கோத்துக்க உறைக்குப் பின்னால வளையம் வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு: பெல்ட்டைத் தேடாதீங்க. தோலுக்கு நான் வேற எங்க போவேன்?