அறுபத்தைந்தாவது கட்டம்

கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டு பேக்கரியில் பிளம் கேக் போட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் திரும்பும்போதே வாசனை ஜன்னலுக்குள் வந்துவிடுகிறது. நேற்று இறங்கி அரைக் கிலோ கேட்டேன். கடைக்காரர் நிறுக்கும்போது சட்டென்று உன் குரல்: "மிஷின் ஜீரோல இருந்துச்சான்னு பாத்தியா?" நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தும் நான் மிஷினைப் பார்த்தேன்.

உன்னைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் கண்டதில்லை, தாயே. டீ வந்தால் பாலா பவுடரா என்று கேட்பாய். நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பதில் ஏ பிரிவு உனக்கு, பி பிரிவு எனக்கு. செங்கோணம் மாதிரியே தெரிகிற கோணத்தை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்து வரைந்துவிட்டு, பிள்ளைகள் ஏமாறுகிறார்களா என்று காத்திருப்பாய். "பாத்தா நல்லாத்தான் கீது. அதான் சந்தேகமா கீது. அளந்து பாருங்கடி" என்பாய்.

போன வருஷம் நீ வைத்த கிறிஸ்துமஸ் புதிரும் அப்படித்தான். அரையாண்டுப் பரீட்சை முடிந்து, லீவுக்கு முந்தின கடைசி நாள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டைக் கேக் கொடுத்தாய். பக்கத்துக்கு எட்டு கட்டம், மொத்தம் அறுபத்து நான்கு. அதை நான்கு துண்டாக வெட்டி மாற்றி அடுக்கினால் ஐந்துக்குப் பதின்மூன்று நீள்சதுரம் வரும். எண்ணினால் அறுபத்தைந்து. ஒரு கட்டம் கேக் கூடுதல்! எங்கிருந்து வந்தது? சொல்கிற குழுவின் பேப்பர் ஸ்டார், பெயர்களோடு, லீவு முழுக்க பள்ளி கேட்டில் தொங்கும். விடை நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

எல்லாக் குழுவும் தலையைப் பிய்த்துக்கொண்டது. உன் வகுப்பு பிரின்சி மட்டும் அட்டையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "கூடவே இல்ல மிஸ். நடுவுல சந்து கீது, வெளிச்சம் வருது பாருங்க. ஓரத்துல மார்க்கர்ல பட்டையா கோடு போட்டு மறச்சிட்டீங்க" என்றாள். அதுதான் விடை. உன் முகம் மட்டும் மலரவில்லை. பிரின்சி மண்ணூர்பேட்டையில் என் தெருப் பெண். தினமும் என்னோடுதான் பஸ்ஸில் வருவாள்.

வராண்டாவில் என்னை நிறுத்திக் கேட்டாய்: "நீ சொன்னியா?"

"இன்னாடி பேசுற? என்னப் பாத்தா அப்படித் தெரியுதா?"

"தெரியல. அதான் கேக்குறேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டார் போனால் போகட்டும், நாளைக்கு ஒரு பெண்ணைத் திருடி என்று ஊர் சொல்லுமே! உனக்கு அந்தக் கவலை இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு வேளையில் நீ சாப்பிடாமல் கத்தரியோடு உட்கார்ந்திருந்தாய். மத்தியானம் பிரின்சியை முன்னால் கூப்பிட்டு இன்னொரு கேக்கைக் கொடுத்தாய். இதில் பக்கத்துக்குப் பதின்மூன்று கட்டம். மாற்றி அடுக்கினால் ஒரு கட்டம் குறையும். யாரோ சொல்லிக் கொடுத்த விடையை வைத்துக்கொண்டு வந்தவள் என்றால் இதற்கும் "சந்து" என்றுதான் சொல்வாள். நீ விரித்த வலை அது. நான் என் வகுப்பை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றேன்.

பிரின்சி அடுக்கினாள். விரலால் தடவினாள். "இந்த வாட்டி சந்து இல்ல மிஸ். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு கீது. அந்தக் கட்டம் அடியில மாட்டிக்கிச்சு."

வகுப்பே கத்தியது. எல்லார் முன்னாலும் நீ அவளிடம், "உன்ன சந்தேகப்பட்டேன்மா, மன்னிச்சிக்கோ" என்றாய். பிறகு ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உன் எலுமிச்சை சாதத்தை என் பக்கம் தள்ளினாய். "உன்னையும்தான். ஆனா இனிமே அந்தப் பொண்ணு காப்பி அடிச்சான்னு எவளும் வாயத் தொறக்க முடியாது, பாரு." நான் அந்தச் சாதத்தைத் தொடவில்லை. அவ்வளவு கோபம். இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது.

அந்தக் கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை. ஜனவரியில் உனக்கு நெஞ்சில் பிடித்திருக்கிறது. "கேஸ்தான்"னு சொல்லி ஓமத் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டாங்க டீச்சர் என்று உன் வீட்டுக்காரர் சொன்னபோது, உன்னை எழுப்பி உட்காரவைத்துத் திட்டவேண்டும் போலிருந்தது. பாலை நம்பமாட்டாய், தராசை நம்பமாட்டாய், உயிருக்குயிரான என்னையே நம்பமாட்டாய். கேஸை மட்டும் எப்படியடி நம்பினாய்? அதையும் ஒரு தடவை சோதித்துப் பார்த்திருக்கக் கூடாதா, பாவி!

போன வாரம் நம் சமூக அறிவியல் கல்பனா மேஜையில் சாய்ந்துகொண்டு, "ஒண்ணுமில்ல, கேஸ்" என்றாள். நான் நம்பவில்லை. ஆட்டோ பிடித்து, அவள் திமிறத் திமிற ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுக்கவைத்தேன். ஒன்றுமில்லை, கேஸ்தான். வெளியே வந்து, "மானமே போச்சு, உனக்கு ஏன் இப்படி ஒரு சந்தேகப் புத்தி?" என்று கத்தினாள்.

இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். இன்று காலை பெல் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைக் கடந்து வகுப்புக்குப் போனாள். அவள் படியேறி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.