பிறந்த வீட்டுத் தண்ணீர்

அக்கா,

நேற்று சாயங்காலம் எங்கள் முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். உங்கள் கணவரின் அண்ணன், அதாவது எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்ட அண்ணாச்சி. அவர் மனைவி. குருவிகுளத்திலிருந்து வந்த உங்கள் கூடப்பிறந்த அண்ணன். நான். என் வீட்டுக்காரர் இல்லை. பனவடலிசத்திரம் பக்கம் காற்றாலையில் அவருக்கு டூட்டி. அப்புறம், தரையில் உங்கள் பித்தளைக் குடம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உங்கள் அறையை ஒழித்தார்களாம். குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் புளிவாசம் அறை முழுக்க நின்றது. நீங்கள் பின்வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும்போது சுவர் தாண்டி என் அடுப்படிக்கு வருமே, அதே வாசம். ஒரு நிமிஷம் நீங்கள் போய்விட்டதே எனக்கு மறந்துபோனது.

அண்ணாச்சி மனைவி சொன்னார்: "நீர்மாலை எடுத்த கொடம். இத நீங்களே வச்சுக்கிடுங்க."

நான் கை நீட்டினேன். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"அதுக்கு முன்ன ஒரு வெவரம் கேக்கணும்மா. மச்சான் சொல்லுதாக, நீங்க அவுக வழி இல்லைன்னு. எங்க வழியும் கிடையாது. அப்ப நீங்க யாரு?"

என் வீட்டுக்காரர் வரட்டும் என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வாறோம் என்று எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணாச்சி மனைவி திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: "பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க குலசாமி கோயில் எதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுல எல்லாம் தெரிஞ்சிரும்."

உங்கள் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குடம் இங்கேயே இருக்கிறது. நான் இன்னும் அதைத் தொடவில்லை.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து இறங்கிய மதியத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அயனாவரத்தில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுத்து, கோயில் குளத்துக்கு அல்லாமல் வேறெங்கும் போகாதவள் நான். அவருக்கு வேலை மாற்றி சங்கரன்கோவில் என்றதும், கோமதியம்மன் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று மூட்டை கட்டினேன். தரகர் எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றிருந்தார். தெருவில் லாரி நிற்கிறது. அண்ணாச்சி கையில் சாவி இருக்கிறது. அதைக் கொடுக்காமல் என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "நீங்க என்ன ஆளுக?"

மெட்ராஸில் மட்டும் கேட்கவில்லையா? கேட்பார்கள். கறி மீன் சமைப்பீர்களா, எந்த ஊர்ப் பூர்வீகம் என்று நாலு தெரு சுற்றிக் கேட்பார்கள். இப்படிச் சட்டென்று, சாப்பிட்டாச்சா என்று கேட்கிற குரலில் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் வாய் திறப்பதற்குள் பக்கத்து வாசலிலிருந்து ஈரக்கையோடு நீங்கள் வந்தீர்கள்.

"இவுகளா? நம்மாளுகதான் அத்தான். எங்க அம்மை வழில சொந்தம். மெட்ராசுலேர்ந்து வாராகன்னு நாந்தான் சொல்ல மறந்துட்டேன்."

சாவி கைக்கு வந்துவிட்டது. சாமான்களை இறக்கி முடித்தபின் உங்களிடம் வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வெயில்ல நின்னீக. லாரிக்காரன் வேற அவசரப்படுதான்" என்றீர்கள். அவ்வளவுதான். புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், கணவரின் அண்ணன் வீட்டின் ஓர் அறையில் அவர்கள் தயவில் இருக்கிறவர் நீங்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பொய் வெளியே வந்திருந்தால் எங்களுக்கு ஒரு வீடு போயிருக்கும். உங்களுக்கும் அதேதான் போயிருக்கும், போக வேறு இடமும் கிடையாது.

புது ஊரின் பழக்கங்கள் பிடிபட எனக்கு வெகுநாள் ஆயிற்று. மெட்ராஸில் மளிகைக்கடைக்காரர்தான் அண்ணாச்சி. இங்கே பேங்க் மேனேஜரும் அண்ணாச்சி, பஸ் கண்டக்டரும் அண்ணாச்சி. முதல் வாரம், யாரைப் பார்த்தாலும் பருப்பு விலை கேட்கத் தோன்றியது. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் தெருவே சத்தம் போடும். அது எதற்கான சத்தம் என்று தெரியாமல் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் என் கேட்டைத் திறந்து, கொல்லைவழியாக உள்ளே வந்து, என் குடங்களை எடுத்துப் போய் நிரப்பி வைத்துவிட்டுப் போனீர்கள். கேட்காமல் உள்ளே வந்துவிட்டாரே என்று அன்று முழுக்க எனக்குக் கோபம். மறுநாள் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி, கோவமா இருந்தாலும் தண்ணி குடிச்சேல்லா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அதிலிருந்து நான் உங்களுக்கு 'ஏட்டி' ஆனேன்.

தெருவில் போகிறவரெல்லாம் இன்னைக்கு என்ன கொழம்பு என்று கேட்டபோது, இவர்களுக்கு என் சட்டியில் என்ன வேலை என்று நினைத்தேன். போன வருஷம் அம்மாவைப் பார்க்க அயனாவரம் போய் ஒரு வாரம் இருந்தேன். அந்த ஒரு வாரத்தில் என் குழம்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாடே இறங்கவில்லை அக்கா.

பூவும் அப்படித்தான். அங்கே முழம் போட்டு வாங்கித் தலையில் வைத்துப் பழகியவள். இங்கே நீங்கள் பூ மார்க்கெட்டிலிருந்து எடைக்குப் பிச்சி மொட்டு வாங்கி வந்து என் மடியில் கொட்டினீர்கள். எனக்குத் தொடுக்கத் தெரியாது. நீங்களே தொடுத்து, சாமிக்குப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள் என்று கொடுப்பீர்கள். தொடுத்த கையைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொள்வீர்கள், வாசம்கூட ஒட்டிவிடக் கூடாது என்பதுபோல. அதைப் பார்க்க எனக்கு ஆகாது. ஆனாலும் பூவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நம் பொய் வளர்ந்தது கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவின்போதுதான். தபசு பார்க்க உங்கள் பிறந்த ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். உங்கள் அறை கொள்ளாமல் பாதிப்பேரை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். காலையில் நான் எழுந்தபோது என் குளியலறையில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் நீங்கள், இவள் எங்க வீட்டுக்காரர் வழி என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அண்ணாச்சி வீட்டுக்கு நான் உங்கள் அம்மா வழி. பிறந்த வீட்டுக்கு நான் உங்கள் கணவர் வழி. அன்று கோயில் வாசலில் சப்பரத்துக்குக் காத்திருக்கையில், என்றைக்காவது இரண்டு பக்கமும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா உக்காருததுக்கு நான் செத்தாத்தான் உண்டு" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு எனக்கு ஊரெல்லாம் சொந்தம். சடங்கு, கல்யாணம், வளைகாப்பு எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். மெட்ராஸில் பால், கேஸ், கரண்ட் என்று மட்டும் எழுதிவந்த என் கணக்கு நோட்டில் 'உறவுமுறைச் செலவு' என்று தனிப் பக்கம் திறந்தேன். அதை எழுதும்போது சந்தோஷமாக இருந்ததை மறைக்கவில்லை. எட்டாவதோடு நின்று, பொட்டலக் காகிதத்திலும் கோயில் சுவரிலும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டவளை, வாங்க மதினி என்று கூப்பிட்டுப் பந்தியில் முன்னால் உட்கார வைத்தார்கள்.

ஆனால் ஒரு கல்யாண வீட்டில் வயசான அம்மா ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க ஐயா எந்த ஊரு என்று கேட்டார். குருவிகுளம் பக்கம் என்று சொல்லிவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்குப் பூப் போடும்போது கை கூசியது. உயிரோடிருந்த காலத்தில் அவர் யாரிடமும் தன்னை மாற்றிச் சொல்லிக்கொண்டதில்லை.

உங்கள் வயிற்றில் கட்டி என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொன்னபோது கூட வந்தவள் நான். திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்து, ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தீர்கள். நான் அம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டேன். புற்றுமண் எடுத்து வந்து உங்கள் வயிற்றில் பூசினேன். உப்பு கரைகிற மாதிரி கட்டி கரையட்டும் என்று மாவிளக்கு வைத்தேன். எதுவும் கரையவில்லை. நீங்கள்தான் கரைந்தீர்கள். கடைசியில் உங்களைத் திருப்பிப் படுக்கவைக்க என் ஒரு கை போதும் என்று ஆனது.

அப்படி ஒரு நாள் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள்: "உன் சாமி பேரு என்னட்டி? நானும் கும்பிட்டுக்கிடுதேன்."

இத்தனை நாளில் நீங்கள் என்னிடம் கேட்காத கேள்வி அது. எல்லாரும் கேட்டார்கள், நீங்கள் மட்டும் கேட்கவில்லை. பெயரைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாகப்போகிறவரிடம் சாமி பேரை மாற்றிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சொன்னேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீங்கள் இரண்டு கையையும் சேர்க்கப் பார்த்தீர்கள். வலது கை எழும்பவில்லை. நான் எடுத்துச் சேர்த்துவிட்டேன். என் சாமி பேரைச் சொல்லி, தாயே என்றீர்கள். அப்புறம்தான் இதைச் சொன்னீர்கள்.

"எங்க அண்ணன் சாவகாசமாத்தான் வருவான். நீ காத்துக்கிட்டுக் கெடக்காத. பொறந்த வீட்டுத் தண்ணிய நீ எடுத்துட்டு வந்திரு."

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. ராகுகாலத்துக்கு முன் உங்களை எடுக்க வேண்டும் என்றார்கள். குருவிகுளத்து வேன் வந்து சேரவில்லை. உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டும் தண்ணீருக்கு, நீர்மாலை எடுக்க, பிறந்த வீட்டு ஆள் ஒரு பொம்பளை வாங்க என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். தெருமுனை அடிபம்பில் உங்கள் குடத்தை நிரப்பி, அதற்கு மாலை சுற்றி என் தோளில் வைத்தார்கள். மேலே வேட்டியைப் பந்தல்போலப் பிடித்துக்கொண்டார்கள். சங்கு ஊதிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் நடந்து வந்து உங்கள் தலையில் தண்ணீர் ஊற்றினேன். முதல் செம்பு ஊற்றியபோது, இவ்வளவு குளிர்ந்த தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதே என்று நினைத்துவிட்டேன். அடுப்பில் காயவைக்காமல் போனோமே என்று வருத்தப்பட்டேன்.

உங்கள் அண்ணன் கோடிச் சேலையோடு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. உங்க ஆளுதான் நீர்மாலை எடுத்துட்டாங்களே என்று யாரோ ஆறுதலாகச் சொன்னார்கள். எங்க ஆளா, யாரு என்று கேட்டார் அவர். துட்டி வீட்டில் அதற்குமேல் பேச வேண்டாம் என்று அன்றைக்கு விட்டுவிட்டார்கள். நேற்று வந்து கேட்டுவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் இன்று காலையில்தான் வந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "நாமளா சொன்னோம்? அவங்கதானே சொன்னாங்க. அப்படியே சொல்லிடு" என்றார். அவர் கெட்டவரில்லை. ராத்திரி டூட்டி பார்த்து வந்த களைப்பு. ஆனால் போனவர் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பிக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில், உங்கள் கணவர் படத்துக்குப் பக்கத்தில், இப்போது உங்கள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். சந்தன மாலை போட்டு, சின்ன பல்பும் எரிகிறது. இருந்தவரை அந்தக் கூடத்தில் நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தூணுக்கு அந்தப் பக்கமே நின்று பேசிவிட்டு வந்துவிடுவீர்கள்.

வெள்ளிக்கிழமை நான் என் சாமி பேரைச் சொன்னால் அந்தப் படம் அங்கே இருக்காது. தெரிந்தேதான் செய்தாள் என்று உங்களைப் பேசுவார்கள். தெரிந்தேதான் செய்தீர்கள் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குப் புரியவைக்க முடியாது. இந்த ஊரை விட்டு எங்கே போனாலும் அதை மட்டும் நான் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

வேறு சாமி பேரைச் சொல்ல என்னால் ஆகாது. அப்பா ஊரை ஒருதரம் மாற்றிச் சொன்னதே போதும். ஒன்றும் சொல்லாமல் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போகலாம். சந்தேகமாகவே இருந்துவிட்டுப் போகும், உங்கள் படமும் இருக்கும். எனக்கு இந்தத் தெரு இருக்காது. கோமதியம்மனை நினைத்தபோது பார்க்க முடியாது. என்ன கொழம்பு என்று கேட்க ஆள் இருக்காது.

கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். சிவப்பா வெள்ளையா என்று அம்மன் சொல்லிவிடுவாள். ஆனால் நம்மாளுக என்ற வார்த்தையைச் சொன்னது நீங்கள். அதைக் காப்பாற்றுவதா உடைப்பதா என்று அம்மனிடம் கேட்பது முறையில்லை. உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

நான் என் சாமி பேரைச் சொல்லட்டுமா, வாயை மூடிக்கொண்டு போகட்டுமா?

இன்று செவ்வாய்க்கிழமை. எப்படியாவது வெள்ளிக்கு முன்னால் பதில் சொல்லிவிடுங்கள் அக்கா.