ஆறாவது சுற்று

நாள் 1412 – காலை 8:10
செவ்வாய், பனிக்குழி மருத்துவ நிலையம். பதிவு: டாக்டர் கிரேஸ் பொன்மணி.
உறைகலன்கள் சீர். கதிர்வீச்சு வழக்கமான அளவு. கருமுட்டைகளைக் கதிர்வீச்சிலிருந்து காக்கத்தான் இந்தக் குழி. அதனால்தான் நானும் குடியிருப்பிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறேன். தூசிப்புயல் தொடங்கிவிட்டது. வண்டிகள் ஓடா.
இசக்கியம்மாள் குழந்தைக்காக, முட்டை வளர்க்கும் ஆறாவது சுற்று ஊசிகளைக் குடியிருப்பில் தானே போட்டுக்கொள்கிறாள். துளை எந்திரம் ஓட்டுபவள், வயது முப்பத்தாறு. ஐந்து முறையும் கரு தங்கவில்லை. இங்கே சினைப்பை மந்தமாகவே வேலை செய்கிறது. அதனால் பூமியில் தருவதைப்போல் இரண்டு மடங்கு மருந்து. புயல் அடங்கியதும் முட்டை எடுக்க இங்கே வருவாள்.

நாள் 1413 – மாலை 4:30
ஸ்கேன் கருவிக்குப் புது முனை பொருத்தினேன். சோதித்துப் பார்க்க வேறு ஆள் இல்லை. என் வயிற்றிலேயே வைத்தேன்.
இடது சினைப்பையில் ஒரு கட்டி. வெறும் நீர்க்கட்டி இல்லை. உள்ளே திடமான பகுதி, அதில் ரத்த ஓட்டம். வேறொருத்தியின் வயிறாக இருந்திருந்தால் உடனே அறுவைக்கு ஏற்பாடு செய்திருப்பேன்.
முதலில் வந்திறங்கிய ஏழு பெண்களும் முட்டை கொடுத்தோம். நானும் நான்கு சுற்று ஊசி போட்டுக்கொண்டேன்.

நாள் 1414 – காலை 11:05
பூமிக்குப் படங்களை அனுப்பினேன். திட்டத் தலைமை மருத்துவர் வாசவனின் பதில்:
“கிரேஸ், இங்க இந்த சிகிச்சை எடுத்த பெண்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்திருக்கோம். ஊசியாலதான் புற்று வருதுன்னு உறுதியா எதுவும் தெரியல. உங்களுக்கு வயசு நாப்பத்தாறு, உங்க சித்திக்கும் மார்பகப் புற்று இருந்திருக்கு. தற்செயலா இருக்கலாம். உறுதியாகற வரைக்கும் குடியிருப்புல சொல்ல வேணாம். நாளையிலருந்து ரெண்டு வாரம் சூரியன் குறுக்க வருது, பேச முடியாது. தைரியமா இருங்க.”
அவர் பொய் சொல்லவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் சொல்வேன். ஆனால் எங்கள் ஏழு பேரில் ஒருத்தியான ரஹிமா போன வருடம் சினைப்பைப் புற்றில் இறந்தாள். இப்போது நான். ஏழு பேரில் இரண்டு பேர். ஏழு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மருந்தாக இருக்கலாம், கதிர்வீச்சாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். இந்த அளவு மருந்தை இந்த வானத்துக்குக் கீழே எங்களுக்கு முன்னால் யாரும் போட்டுக்கொண்டதில்லை.

நாள் 1415 – காலை 9:40
இசக்கியிடம் வானொலியில் எல்லாவற்றையும் சொன்னேன்.
“என்னக்கா, இத இப்ப சொல்லுதீய? நேத்துகூட ஊசி போட்டேனே.”
“முந்தாநாள் வரைக்கும் எனக்கே தெரியாதும்மா. மருந்தாலதான்னு சொல்ல இப்பவும் என்கிட்ட ஆதாரம் இல்ல.”
“அப்போ நிப்பாட்டவா, போடவா? ஒண்ணு சொல்லுங்க.”
“முடிவு உன்னோடது. தெரிஞ்சுக்கிட்டு எடுக்கணும்னுதான் சொல்றேன்.”
“என்னத்தத் தெரிஞ்சுக்கிட்டேன்? படிச்ச உங்களுக்கே தெரியலங்கீய.”
இணைப்பைத் துண்டித்துவிட்டாள். நியாயமான கேள்வி.

நாள் 1416 – மதியம் 1:20
விடிந்ததிலிருந்து இடது அடிவயிற்றில் கொடிய வலி. வாந்தி. கட்டி முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். வலி ஊசி போட்டுக்கொண்டேன். அறுவை செய்யத் தெரிந்த ஒரே ஆள் படுக்கையில் கிடக்கிறாள்.
இசக்கி அழைத்தாள். “அக்கா, கோவப்படாதீய. இன்னைக்கும் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரவுக வேண்டாம்னுதான் சொன்னாக. இந்த ஒரு தடவ மட்டும்... ஏன் உங்க குரல் இப்படி இருக்கு?”
கோபம் வரவில்லை. அவளிடத்தில் நான் இருந்தால்? தெரியவில்லை. என் நிலையைச் சொன்னேன்.
“நான் வாரேன்.”
“புயல்ல வராத இசக்கி. வழி தெரியாது.”
“முடிவு என்னோடதுன்னு நீங்கதானக்கா சொன்னீய.”

நாள் 1417 – நேரம் பார்க்கவில்லை
காய்ச்சல். வயிறு பலகைபோல் இறுகிவிட்டது.
இதைப் படிப்பவருக்கு. மீதமுள்ள ஐந்து பேரையும் இசக்கியையும் வருடந்தோறும் பாருங்கள். பத்து வருடம், இருபது வருடம். விடாதீர்கள். குழந்தை பிறந்ததும் அதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ரஹிமாவுக்குப் பெண் பிறந்தபோது கேக் வெட்டினோம். அதற்குப் பிறகு அவளை யாரும் பரிசோதிக்கவில்லை. வயிறு உப்புசம் என்று வந்தாள், நான் மாத்திரை கொடுத்து அனு

நாள் 1419 – மாலை 5:00
எழுதுவது இசக்கியம்மாள்.
நேற்று வந்து சேர்ந்தேன். வண்டியின் முன்கண்ணாடி போய்விட்டது, தலைக்கவசத்தோடுதான் ஓட்டி வந்தேன். அக்காவுக்கு நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். என்னைப் பார்த்ததும் முதலில், “பைத்தியமா நீ?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.
இன்று காலை, “உன்னையும் பாத்துடலாம்” என்றார். எழுந்திருக்க முடியவில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது, முனையை எங்கே வைப்பது என்று படுத்தபடியே சொன்னார். நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, என் வயிற்றில் வைத்துக்கொண்டேன். படம் வந்தது. ஊசியால் முட்டை வளர்ந்தால் கறுப்பாக, உருண்டையாகத் தெரியும். இதற்கு முன் ஒவ்வொரு சுற்றிலும் அக்காவே காட்டியிருக்கிறார். வலது பக்கம் ஐந்து இருந்தன. இடது பக்கம் நான்கு. அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று. அது உருண்டையாக இல்லை. முழுக்கக் கறுப்பாகவும் இல்லை.
திரையை அவர் பக்கம் திருப்பினேன். “அக்கா, இது என்னது?” என்றேன். இரண்டு முறை கேட்டேன். அதன் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மூச்சு இல்லை.
படத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். பூமி இன்னும் பேசவில்லை. இங்கே படம் பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.
யாராவது பார்த்துச் சொல்லுங்கள். இது முட்டைதானா?