கிரீம் கலர் பேன்ட்

நவம்பர் 6, திங்கள்

விடாத மழை. ஸ்டேஷனிலிருந்து கம்பெனிவரை குடை இருந்தும் பாதி நனைந்தேன்.

ரிசப்ஷன் பெண் கல்யாணமாகிப் போகிறாள். மேனேஜர் கூப்பிட்டார். "ரெண்டு வாரம் நீ ஒக்காந்து பாரும்மா. சரியா வந்தா ஒன்னையே போட்டுர்றேன். ஆனா கஸ்டமர் வர்ற எடம். டிரெஸ்ஸு நீட்டா இருக்கணும்."

ஆறு வருடமாக லேபில் ஆசிட் புகை. இருமல் நின்றபாடில்லை. போன மாதமே டாக்டர் சொல்லிவிட்டார், வேலையை மாற்றச் சொல்லி. மாற்ற இந்த நாற்காலியை விட்டால் வேறு வழி இல்லை. கிடைக்கும் என்றும் தோன்றவில்லை.

பீரோவைத் திறந்தேன். நாலு சுடிதார். நாலிலும் ஆசிட் தெறித்த பொட்டு ஓட்டைகள். இத்தனை நாள் மானத்தைக் காப்பாற்றியது லேப் கோட்.

நவ. 7, செவ்வாய்

லேபில் என்னோடு வேலை செய்யும் ஜரினா, பழவேற்காட்டுக்காரி. வீட்டில் துணி வியாபாரம். "செட்டு செட்டா வாங்கி ஏமாறாதடி. பேன்ட்டும் துப்பட்டாவும் ரெண்டு கலருல எடு. டாப்ஸ் மூணு. மாத்தி மாத்திப் போட்டுக்கினே இரு, எவளும் கண்டுபுடிக்க மாட்டா."

பொன்னேரி கடையில், தீபாவளிக்கு விற்காமல் நின்ற சரக்கு:

டாப்ஸ்: மெரூன், பாட்டில் பச்சை, மஞ்சளில் பூப்போட்டது
பேன்ட்: கறுப்பு, கிரீம்
துப்பட்டா: அதே கறுப்பு, அதே கிரீம்

கையில் இருந்தது காலி. அம்மா பிரித்துப் பார்த்தாள். "இன்னாடி இது, முழுசா ஒரு செட்டு கூட இல்ல? தனித்தனியா வாங்கினு வந்துக்கீற." விளக்கினேன். புரியவில்லை. கட்டிலில் பரப்பி ஜோடி மாற்றி மாற்றிப் பார்த்தேன். ரொம்ப நாள் கழித்துக் கொஞ்சம் சந்தோஷம்.

நவ. 10, வெள்ளி

வாராவாரம் நடக்கும் கம்பெனி பூஜை. வெள்ளிக்கிழமை கறுப்பு கூடாது, முதலாளிக்கு ஆகாது. கற்பூரத் தட்டை வந்தவர்களிடம் நீட்டுவது ரிசப்ஷன் வேலை. மெரூன் டாப்ஸ், மற்றதெல்லாம் கிரீம். மேனேஜர்: "லட்சணமா இருக்குதும்மா."

நாள் முழுக்க இருமவில்லை.

நவ. 14, செவ்வாய்

மழை. எதுவும் காய்வதில்லை. இஸ்திரி போட்டே காய வைக்கிறேன். நேற்று கறுப்பு, பச்சை. இன்று கிரீம், மஞ்சள். கேன்டீன் அக்கா: "ஒனக்கு இன்னாம்மா, தெனம் ஒரு டிரெஸ்ஸு!" ஜரினாவிடம் சொன்னேன். கண்ணடித்தாள்.

நவ. 16, வியாழன்

கறுப்பு காயாததால் கிரீம். ஸ்டேஷன் வாசலில் லாரி ஒன்று சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. முட்டிவரை. நாளைக்குப் பூஜை, பாம்பேயிலிருந்து பார்ட்டி வேறு வருகிறது.

வீட்டில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. போர் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறப் போட்டேன். "கொஞ்சம் தூக்கலாவே போடு, பளிச்சுனு ஆயிடும்" என்றாள் அம்மா. போட்டேன்.

நவ. 17, வெள்ளி

போச்சு.

பேன்ட் முழுக்கத் திட்டுத் திட்டாகத் துரு. எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். பிளீச்சிங் சேர்ந்தால் அது துருவாகித் துணியில் உட்கார்ந்துகொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கம்பெனித் தண்ணீரில் இரும்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலையே. ஒருமுறை வீட்டுப் போர் தண்ணீரையும் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணி, ரத்தச் சிவப்பாக மாறியதைப் பார்த்து ஜரினாவும் நானும் சிரித்தோம். முட்டாள். முட்டாள்.

கறுப்பு ஆகாது. பழையதெல்லாம் ஓட்டை. அம்மா புடவை கட்டச் சொன்னாள். அவள் ரவிக்கைக்குள் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம்.

கிரீமையே போட்டுக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. பூஜைக்கு எழுந்தே ஆகவேண்டும். தட்டோடு நடந்தேன். பாம்பேக்காரர் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே கீழே பார்த்தார். முதலாளியும் பார்த்தார். மேனேஜர் வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நவ. 18, சனி

மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "லேபுக்கு ஒன்ன மாதிரி ஆளு கெடைக்காதும்மா. நீ அங்கயே இரு. முதலாளிக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு திங்கக்கெழம வருது."

சரி சார் என்றேன்.

பாத்ரூமில் அழுகை. ஜரினா கதவுக்கு வெளியே நின்று, "உடுடி, பேஜாரு புடிச்ச வேல அது. பல்ல காட்டிக்கினே இருக்கணும்" என்றாள். நான் காட்டத் தயாராகத்தான் இருந்தேன்.

நவ. 20, திங்கள்

மழை விட்டது. நல்ல வெயில், இப்போது.

புதுப் பெண் முழு செட்டில் வந்திருக்கிறாள். தலைமுதல் கால்வரை ஒரே நீலம். சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் வெந்நீரில் ஆக்சாலிக் ஆசிட் கரைத்துப் பேன்ட்டை முக்கினேன். துரு கண்முன்னே கரைந்து போனது. அந்த பாட்டில் ஆறு வருடமாக என் தலைக்கு மேல் அலமாரியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அது ஞாபகம் வரவில்லை. பயந்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது.

ஜரினா பேன்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "புதுசு மாதிரி கீதுடி! நாளைக்கு எதோட போடப் போற?"

"லேப் கோட்டோட" என்றேன். மேலே பேசவிடாமல் இருமல்.